மறுமுனை

மருத்துவர் பெலீசியா தன் விரலை வெளியே எடுத்துவிட்டு
என் விரலைக் கேட்டார்.
முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே
வெறும் ஈறு, நான்கு விரற்கடை.
இரும்புக்கென்றே யாரோ விட்டுவைத்ததுபோல ஓர் இடம்.
அங்கே, தோலுக்கு அடியில்,
எலும்பிலிருந்து பயறளவு முள் ஒன்று முளைத்திருந்தது.
"வருடக்கணக்காக வளர்ந்திருக்கும், ஓதெத்" என்றார்.
பதினோரு வருடமாக
அந்தக் கடிவாளத்தின் மறுமுனையில் இருந்தது
என் கை மட்டும்தான்.

வாயில்லா ஜீவன் என்று சொல்லிவிடுகிறோம்.
வாய் இருந்ததுதான் ஃபாலுவாவின் கஷ்டம்.

எவோராவில் சேணம் தைக்கும் செவெரினோ
மூன்று தலைக்கட்டுகளைக் கடனாகக் கொடுத்தனுப்பினான்.
மூன்றிலும் வாய்க்குள் போக ஒன்றுமில்லை.
சமையலறை மேசையில்
ரொட்டியை ஒதுக்கிவிட்டுப் பரப்பினேன்.

ஒன்றுக்கு இரண்டு பக்கமும் நீண்ட இரும்புக் கைகள்.
"வெண்ணெய் மாதிரி" என்றிருந்தான் செவெரினோ.
என் முழங்கைக்குக் கீழே கட்டிக்கொண்டு
தம்பியை இழுக்கச் சொன்னேன்.
அமில்கார் எதையும் அரைகுறையாகச் செய்பவனல்ல.
வெண்ணெய் மறுநாள் நீலமாகக் கன்றியிருந்தது.

இன்னொன்று, தாடைக்கு அடியில் வார்கள் குறுக்கே ஓடி
தலையையே அணைத்துக்கொள்ளும் வகை.
அணைத்தது.
நான் கயிற்றைத் தளர்த்திய பிறகும் அணைத்தது,
வேர்வையில் தோலோடு தோல் ஒட்டி.
விடத் தெரியாத அணைப்பு எனக்குப் புதிதல்ல.
பதினாறு வருடம் அப்படி ஒன்றில் குடித்தனம் செய்தவள்.
அதைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தேன்.

மிஞ்சியதில் வித்தை ஏதுமில்லை.
மூக்கின்மேல் ஒரு தோல்பட்டை, இரண்டு வளையம், அவ்வளவே.
கன்ன எலும்பின் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே உட்கார வேண்டும்.
அதற்கும் கீழே இறங்கினால்
எலும்பு முடிந்து குருத்து தொடங்கிவிடும், மூச்சு முட்டும்.
என் மூக்கையே தடவிப் பார்த்தேன்:
கண்ணாடி உட்காரும் இடம் எலும்பு,
சளி பிடித்தால் பிசைகிற இடம் குருத்து.

"இதைப் போட்டுக்கொண்டு மாட்டை மேய்க்கப் போகிறாயா?
மாடு உன்னை மேய்க்கும்" என்றான் அமில்கார்.

வியாழக்கிழமை. பட்டிக்குள் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.
வாசல்கதவைத் தாண்டினோம்.
காய்ந்த புல்லிலிருந்து ஒரு கானமயில்
கதவளவு சிறகை அடித்து எழும்ப,
ஃபாலுவா ஓடினாள்.

கார்க் மரங்கள். பட்டை உரித்த வருடத்தை
ஒவ்வொன்றிலும் வெள்ளைச் சுண்ணாம்பில் எழுதியிருப்பார்கள்.
நான்கு. நான்கு. ஒன்பது. ஒன்று.
இழுத்தேன். தெரிந்த புனிதர்கள் எல்லோரையும் கூப்பிட்டேன்.
பழைய இரும்பு இருந்தால் இந்நேரம் நின்றிருப்பாள்
என்று நினைத்தேன்.
நினைத்தேன் என்பதை மறைக்கமாட்டேன்.

ஓடைக்கரையில்தான் நின்றாள்.
எனக்காக அல்ல, தாகத்துக்காக.
தொடைகள் நடுங்க மேலேயே உட்கார்ந்திருந்தேன்.
குடித்தாள்.
கடைவாய் வழியே ஒரு சொட்டும் வழியவில்லை.
சேணத்தோடு குடிக்கும்போது
பாதித் தண்ணீரைச் சிந்துவது
அவள் சுபாவம் என்றல்லவா இருந்தேன்?

அமில்கார் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தான்,
தோளில் பழைய கடிவாளம்.
"சொன்னேனா இல்லையா" என்று சொல்லாமல் நின்றது
அவன் செய்த பெரிய உதவி.
பட்டை ஒரு துளை தளர்ந்து கிடந்தது.
காலையில் கொக்கி மாட்டியது நான்தான்.
மேலே ஏற்றி, அடியில் இரண்டு விரல் விட்டுப் பார்த்து
மறுபடி ஏறினேன்.
"நடந்தே கூட்டிக்கொண்டு வாயேன்" என்றான்.
நான் பதில் சொல்லவில்லை. எனக்கும் பயம்தான்.

திரும்பும் வழியெல்லாம் நடை மட்டும்.
வாசல்கதவு வந்ததும், கயிற்றைத் தொடாமல்,
முதுகை நிமிர்த்தி மூச்சை விட்டு,
ரொட்டிக் கடையில் பேசும் குரலில் "நில்" என்றேன்.

நின்றாள்,
இரண்டு அடி தள்ளி.

செவெரினோவுக்கு அறுபத்து நான்கு யூரோ, மூன்று தவணையில்.
நாளைக்கு அது ஒன்றரை அடியாகலாம். ஆகாமலும் போகலாம்.
சேணத்திலிருந்தே பின்னால் சாய்ந்து
கையை முழுதாக நீட்டி
எட்டாத தாழ்ப்பாளைத்
தேடிக்கொண்டிருந்தேன்.